"உங்களுக்கு மட்டும் கூட்டித் தருகிறோம்" என்றால்?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தனியார் பட்டப்படிப்பு நிறுவனமொன்றில் ஆறு வருடமாக விரிவுரையாளர், நிரந்தர நியமனம் இல்லை, செமஸ்டருக்கு ஒரு கடிதம், மணித்தியாலக் கணக்கில் கொடுப்பனவு. அவரைப் போன்ற 60 பேரில் 23 பேர் தொழிற்சங்கத்தில் சேர்ந்து, எல்லாருக்கும் பொதுவாகச் சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும் எழுதிக்கொள்ளும் கூட்டு உடன்படிக்கை கேட்கிறார்களாம். நிர்வாகம் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "மிஸ், உங்களுக்கு மட்டும் ரேட்டைக் கூட்டுகிறோம், அந்தப் பக்கம் போகாதீங்க" என்றிருக்கிறது. வாங்குவதா, சேருவதா? பெயர் அடிபட்டுவிடும் என்று கணவருக்கும் பயமாம்.

வாங்காதீர்கள் தங்கச்சி. 60இல் 40 சதவீதம் எத்தனை என்று பாருங்கள், 24. உங்களை ஏன் கூப்பிட்டார்கள் என்று இப்போது விளங்கும். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தத்தின்படி, சங்கம் யாருக்காகப் பேச வருகிறதோ அவர்களில் 40 சதவீதம் பேர் உறுப்பினர் என்றால், பேச மாட்டேன் என்று முதலாளி சொல்ல முடியாது. சங்கத்தில் சேராமலிருக்க ஆசை காட்டுவதையும் அதே திருத்தம் தடுக்கிறது, ஆகவே அந்தப் பேச்சு வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள்.

"யாருக்காக" என்பதில்தான் விளையாட்டு நடக்கும். கந்தோர் ஊழியர், நிரந்தர விரிவுரையாளர் எல்லாரையும் சேர்த்துக் கூட்டி, உங்கள் சங்கத்துக்கு 40 சதவீதம் எங்கே என்று கேட்பார்கள். கோரிக்கைக் கடிதத்தின் முதல் வரியிலேயே ஒப்பந்த விரிவுரையாளர்கள் சார்பில் என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம், 24 போதாது, ஒருவர் விலகினாலே கதை முடிந்தது, 30ஐத் தாண்டப் பாருங்கள். "நீங்கள் ஆலோசகர்கள், தொழிலாளரே இல்லை" என்பார்கள், அதற்கு மயங்க வேண்டாம், அந்தச் சட்டத்தில் தொழிலாளர் என்பதன் வரைவிலக்கணம் மிக அகலமானது.

சரி, பேசப் போய் எதைக் கேட்பது? எல்லாரும் ரேட்டில்தான் தொடங்குவார்கள். என்னைக் கேட்டால் மறுநியமனம்தான் முதலில். 2012இல் அரச பல்கலைக்கழக ஆசிரியர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கக் கேட்டு மூன்று மாதமளவு வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்களில் பெரும்பாலானோர் காலுக்குக் கீழே நிரந்தர நியமனம் இருந்தது. உங்களை யாரும் வேலையிலிருந்து நீக்கத் தேவையில்லை, அடுத்த செமஸ்டருக்குக் கடிதம் அனுப்பாமல் விட்டாலே போதும். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒப்பந்த விரிவுரையாளர்கள் ஏறத்தாழ 6,500 பேர் நீண்ட காலம் இழுபட்ட பேச்சுவார்த்தையில் இதைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 2021 நவம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கவிருந்த அன்று விடியற்காலையில்தான் நிர்வாகம் இறங்கி வந்தது. சம்பள உயர்வும் கிடைத்தது, அத்தோடு முதல் நியமனம் ஒரு வருடம், அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று என்று எழுத்திலும் வாங்கினார்கள். அங்கத்தைய சட்டம் வேறுதான். ஆனாலும் நீங்களும் கேளுங்கள்: மறுநியமனம் இல்லையென்றால் எத்தனை வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும், என்ன காரணத்துக்காக மறுக்கலாம், செமஸ்டர் இடைவெளியைக் காட்டிச் சேவைக் காலத்தை வெட்டலாமா? ஐந்து வருடம் முடித்தவர்களின் பணிக்கொடையே அந்த இடைவெளியில்தான் தொங்குகிறது.

அடுத்து, காசில்லாத வேலை. விரிவுரை மண்டபத்தில் நிற்கும் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொடுப்பனவு உண்டு, வீட்டில் சாப்பாட்டு மேசையில் எண்பது விடைத்தாள் கட்டி வைத்துத் திருத்துவதற்கு? மீள்பரீட்சைக்குப் புது வினாத்தாள் போடுவதற்கு? ஒரு செமஸ்டர் முழுக்க இவற்றைக் குறித்துவைத்து, மணித்தியாலக் கணக்காக மேசையில் வையுங்கள். ரேட்டைப் பற்றி அதற்குப் பிறகு பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8, அவர்களிடம் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 அவர்களிடம், போகிறதா என்றும் பாருங்கள். தற்காலிக ஊழியர் என்றால் கட்டத் தேவையில்லை என்பது வெறும் கதை.

கணவரின் பயத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன், கொழும்பில் இந்த வட்டாரம் சின்னது, ஓரிடத்தில் நடந்தது மற்ற இடத்துக்குப் போய்ச் சேரும். ஆனால் உறுப்பினராவதற்கும் முன்னால் நின்று பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு. சங்க நிர்வாகிகளில் பாதிப் பேர் அந்தத் தொழிலில் இருந்தால் போதும், மற்றவர்கள் வெளியாராக இருக்கலாம். ஓய்வுபெற்ற பேராசிரியர் யாரையாவது பேச்சுவார்த்தைக்கு முன்னால் உட்கார வையுங்கள், அவருடைய கடிதத்தை யாராலும் நிறுத்த முடியாது.