ரயில்வே கேட்: கேளுங்க, சொல்றேன்

சேலத்தில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர், லெவல் கிராசிங் பற்றி வந்த கேள்விகளுக்குத் தரும் பதில்கள்.

வாழப்பாடி வாசகர்: ரயில் கண்ணுக்கே தெரியாதபோது கேட்டை எதற்கு மூடுகிறார்கள்?

முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும் என்று தெரியும். இன்டர்லாக், அதாவது கேட்டையும் சிக்னலையும் பிணைக்கும் பூட்டு, உள்ள கேட்டில் கட்டையை இறக்கிப் பூட்டினால்தான் சாவி கைக்கு வரும். அதைக் கருவியில் செருகித் திருப்பினால்தான் ரயிலுக்கு சிக்னல் கிடைக்கும். 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸ் நொடிக்கு 30 மீட்டர் ஓடுகிறது. எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் ஒரு கிலோமீட்டர் வரை ஓடித்தான் நிற்கும். அதனால் ஓட்டுநருக்குப் பச்சை வெகுதூரத்திலேயே தெரிய வேண்டும். நீங்கள் ரயிலைப் பார்க்கும்போது கேட்டை மூடினால் வேலைக்கு ஆகாது.

இன்டர்லாக் இல்லாத கேட்டில் எல்லாமே போன்தான். ஸ்டேஷன் மாஸ்டர் சொல்வார், கேட் கீப்பர் மூடிவிட்டு, மூடியதற்கு அத்தாட்சியாக பிரைவேட் நம்பர் என்ற ரகசிய எண் ஒன்றைத் திருப்பிச் சொல்வார். அந்த நம்பரைக் குறித்துக்கொண்ட பிறகுதான் ரயிலை அனுப்புவார்கள். அடுத்த ஸ்டேஷன் தள்ளி இருந்தால் காத்திருப்பும் நீளும்.

ஓமலூர் வாசகர்: பைக்கைச் சாய்த்துக் கட்டைக்கு அடியில் போனால் கேஸ் வருமா?

வரும். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147, அத்துமீறி நுழைவது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேட்டை உடைத்தால் பிரிவு 160, ஐந்து வருடம் வரை போகும். அபராதத்தை விடுங்கள், குனிந்து போகிறவனுக்கு இரண்டு பக்கமும் பார்க்க முடியாது. கண் முழுக்க ஹேண்டில்பார் மேலேதான் இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: கேட் கீப்பர் மனசு வைத்தால் ஒரு நிமிஷம் திறந்து விடலாம். எல்லாம் அதிகாரத் திமிர்.

மனசு இருந்தாலும் முடியாதுங்க. சிக்னல் கொடுத்த பிறகு சாவி உள்ளேயே பூட்டிக்கொள்ளும். சிக்னலைச் சிவப்புக்குத் திருப்பி, குறித்த நேரம் கழிந்த பிறகுதான் அது விடுபடும். இதற்காகக் கேட் கீப்பரை அடிக்கப் போகிறவர்கள் அந்த அறைக்குள் ஒரு ஷிப்ட் உட்கார்ந்து பார்க்கலாம்.

அதே வாசகர்: அப்படியென்றால் கடலூர் செம்மங்குப்பத்தில் ரயில் வரும்போது கேட் எப்படித் திறந்திருந்தது?

நியாயமான கேள்வி. 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அது இன்டர்லாக் இல்லாத கேட். மனிதன் சொல்லும் வார்த்தையை நம்பி ரயில் ஓடுகிறது என்று மேலே சொன்னேனே, அதன் பலவீனம் அங்கேதான் வெளிப்பட்டது. அதற்குப் பிறகு எல்லாக் கேட்டிலும் கேமரா வைக்கச் சொன்னார்கள். ரயில் கணக்கையும் வாகனக் கணக்கையும் பெருக்கி வரும் போக்குவரத்துக் கணக்கு 10,000-ஐத் தாண்டினால் இன்டர்லாக் வைக்க வேண்டும் என்றார்கள்.

ஆத்தூர் வாசகர் (குறுக்கே): கேட் திறந்திருந்தால் வேன் ஓட்டுநர் மேல் என்ன தப்பு? உங்கள் ஆளைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள்.

யாரையும் காப்பாற்றவில்லை. தப்பு யார் மேல் என்று நான் சொல்ல வரவில்லை. நான் சொல்வது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 131, ஆள் இல்லாத கேட்டில் வண்டியை நிறுத்தி, கிளீனரோ கண்டக்டரோ இறங்கி நடந்துபோய்ப் பார்த்த பிறகே கடக்கச் சொல்கிறது. கூட ஆள் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்க வேண்டும். அகலப்பாதையில் ஆளில்லா கேட்டுகளை 2019 ஜனவரிக்குள் ஒழித்துவிட்டார்கள் என்பதால் அந்தப் பழக்கமும் ஒழிந்துபோனது. கேட் திறந்திருந்தாலும் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி இரண்டு பக்கமும் பாருங்கள். பிள்ளைகளை ஏற்றிப்போகிறவர் நிறுத்தியே பார்க்க வேண்டும். சட்டப்படி கடமையா என்று ஆத்தூர்க்காரர் மறுபடி கேட்பார். கேட்கட்டும்.

ஆத்தூர் வாசகர்: கடமையா இல்லையா, சொல்லுங்கள்.

திறந்த கேட்டில் இறங்கிப் பார்ப்பது கடமை இல்லை. போதுமா?

சங்ககிரி லாரி ஓட்டுநர்: வைக்கோல் லோடு உயரம் எவ்வளவு இருக்கலாம்?

கேட்டுக்கு இரண்டு பக்கமும் இரும்பு வளைவு நிற்குமே, அதன் உயரம் 4.67 மீட்டர். அதில் உரசினால் திரும்பிவிடுங்கள். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, இரண்டு மீட்டருக்குள் நெருங்கினாலே ஆபத்து. லோடு மேல் ஆள் உட்கார்ந்தபடி கடக்கவே கூடாது. கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் கழியைப் பிடுங்கிப் போடுங்கள்.

மேச்சேரி வாசகர்: தண்டவாளத்தில் கார் நின்றுவிட்டால்?

முதலில் எல்லோரும் இறங்கி விலகுங்கள். பை, செல்போன் எதையும் தேடாதீர்கள். அடுத்து கேட் கீப்பரிடம் சொல்லுங்கள். அவர் சிக்னலைச் சிவப்பாக்குவார், சிவப்புக் கொடியோடு ஓடி 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும், 1,200 மீட்டரில் 10 மீட்டர் இடைவெளியில் மூன்றும் தண்டவாளத்தில் கட்டுவார். சக்கரம் ஏறினால் அது வெடிக்கும், ஓட்டுநர் நிறுத்துவார். கேட் கீப்பர் கண்ணில் படவில்லையென்றால் ரயில்வே உதவி எண் 139. இதெல்லாம் ஆன பிறகு காரைத் தள்ளலாம்.

சூரமங்கலம் வாசகர்: மழை பெய்தால் சப்வேயில் தண்ணீர். தண்டவாளம் தாண்டாமல் என்ன செய்வது?

மாநகராட்சியிலும் ரயில்வேயிலும் எழுத்தில் புகார் கொடுங்கள், போட்டோவோடு. தண்டவாளம் தாண்டுவது பதில் ஆகாது. ஈரோடு, ஜோலார்பேட்டை பக்கம் இரட்டைப் பாதை. ஒரு ரயில் போனதும் அதன் வால் மறைப்பில் எதிர்த்திசையில் இன்னொன்று வரும். முதல் ரயிலின் சத்தத்தில் இரண்டாவது கேட்காது. ஓரமாக நடக்கிறவர்களுக்கும் ஒன்று: அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,676 மில்லிமீட்டர், பெட்டியின் அகலம் 3,200-க்கு மேல். தண்டவாளத்தைத் தாண்டி 70 சென்டிமீட்டருக்கு மேல் பெட்டி நீட்டிக்கொண்டிருக்கும். தண்டவாளத்தில் நிற்கவில்லை, பக்கத்தில்தான் நின்றேன் என்பவரையும் அது அடிக்கும்.

ஏற்காடு வாசகர்: எங்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளில் லாரி இறங்கும்போது...

அது என் துறை இல்லைங்க. மலைப்பாதை ஓட்டுநர்களைக் கேளுங்கள்.

கருப்பூர் வாசகர்: ரயில் ஹாரன் அடித்தால் கேட்காதா? அதற்கு எதற்குப் பயம்?

'டபிள்யூ, எல்' (விசில், லெவல் கிராசிங்) என்று எழுதிய மஞ்சள் பலகை கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் இருக்கும். அங்கே ஹாரன் அடிப்பார்கள். 110-ல் வந்தால் அதன்பிறகு உங்களுக்கு 20 நொடிகூட இல்லை. காதில் இயர்போன் இருந்தால் அதுவும் இல்லை.

இன்னொரு வாசகர்: கட்டைக்கு அடியில் குனிந்து போனால்...

ஓமலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.