பாடம் நடத்தாத பல்கலைக்கழகத்தின் கட்டடம்

அன்புள்ள ஐயா,

மகளின் சான்றிதழ் வேலையாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்துக்குப் போயிருந்தேன். செனட் ஹவுஸ் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் சுற்றியுள்ள எதுவும் அதோடு ஒட்டவில்லை. ஒரு பக்கம் மணிக்கூண்டு, இன்னொரு பக்கம் சப்பையான கான்கிரீட் கட்டடங்கள். தமிழ்த்துறை மெரினா வளாகத்தில் என்கிறார்கள், இயற்பியல் கிண்டியிலாம். நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு ஒழுங்காக ஒரு வளாகம்கூடவா திட்டமிடவில்லை?

வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

திட்டமிடவில்லைதான். அன்றைக்கு அதற்குத் தேவையும் இருக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துத் தொடங்கியது இது. பாடம் சொல்லித்தருவது கல்லூரிகளின் வேலை. பல்கலைக்கழகம் பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். 1858இல் இங்கே முதல் பி.ஏ. பட்டம் பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அப்போது செனட் ஹவுசுக்கு அஸ்திவாரம்கூடப் போட்டிருக்கவில்லை. வகுப்பறை இல்லாத பல்கலைக்கழகத்துக்கு வேண்டியிருந்தது, செனட் என்ற ஆட்சிமன்றம் கூடவும் பட்டமளிப்பு நடத்தவும் ஒரு பெரிய மண்டபம். 1874 முதல் 1879 வரை கட்டியது அதைத்தான்.

கட்டியவர் ராபர்ட் சிஷோம். கட்டட வடிவமைப்புப் போட்டியில் அவர் வரைபடம் தேர்வாகி 1865இல் சென்னைக்கு வந்தார். 1870இல் முடித்த மாநிலக் கல்லூரியைப் பாருங்கள், இத்தாலியச் சாயல் கொண்ட ஐரோப்பியக் கட்டடம். நாலே வருஷத்தில் அவர் பாணியே மாறிவிட்டது. இடையில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி. 1855இல் கடைசி ஆற்காட்டு நவாப் வாரிசில்லாமல் இறந்தபின் அரசின் கைக்கு வந்த சேப்பாக்கம் அரண்மனையை, வருவாய் வாரியத்துக்காக விரிவுபடுத்தும் வேலை சிஷோமுக்குக் கிடைத்தது. அங்கே இரண்டு மஹால்களுக்கு நடுவே கோபுரம் எழுப்பினார். கவர்னர் நேப்பியர் காலத்தில் மதுரைத் திருமலை நாயக்கர் மஹாலைச் செப்பனிடும் வேலையும் அவரிடம் வந்தது. பழைய சுவரையும் வளைவையும் தொட்டு வேலை செய்த அனுபவம் செனட் ஹவுசில் அப்படியே தெரிகிறது. நாலு மூலையிலும் குவிமாடக் கோபுரம், சிவப்புச் செங்கல், மண்டபத்தின் இருபுறமும் அகலமான தாழ்வாரம். தூண்களின் தலைப்பில் உள்ள கல் செதுக்கலை நின்று பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் அந்தத் தாழ்வாரத்தில் நின்றால் சிஷோம் இந்த ஊரின் வெயிலை எவ்வளவு புரிந்துகொண்டார் என்பது தெரியும்.

பல்கலைக்கழகம் பாடத்துக்கு வந்தது ரொம்பப் பிற்பாடு. 1904இன் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் அதற்கு வழி திறந்தது, 1914இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் இந்திய வரலாற்றுப் பேராசிரியரானார். 1923 சட்டம் அதை இன்னும் உறுதியாக்கியது. எஸ். ஆர். ரங்கநாதன் நூலகராக இருந்தபோது, 1936இல், நூலகத்துக்குத் தனிக் கட்டடம் கிடைத்தது. மறுவருஷம் மாகாணச் சட்டசபை கூடியதும் செனட் ஹவுசில்தான். அப்புறம் துறைகள் பெருகின, இடம் பெருகவில்லை. வடக்கே கூவம், தெற்கே வாலாஜா சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை, மேற்கே பக்கிங்காம் கால்வாய். எங்கே போவார்கள்? மெரினா, கிண்டி, தரமணி என்று பிரிந்ததுதான். நீங்கள் படித்த அண்ணாமலை 1929இல் தொடங்கும்போதே மாணவர்கள் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம். இரண்டையும் ஒப்பிடுவது சரியாகாது.

ஆனால் கான்கிரீட் கட்டடங்களைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுசாக ஏற்கிறேன். இட நெருக்கடியைச் சாக்காகச் சொல்ல முடியாது. பக்கத்திலேயே செனட் ஹவுஸ் நிற்க, அதன் தாழ்வாரத்திலிருந்து ஒன்றுமே எடுத்துக்கொள்ளாமல் கட்டினார்களே என்று எனக்கும் வருத்தம் உண்டு.

மறுபடி வரும்போது வாலாஜா சாலையைக் கடந்து, 2012 தீ விபத்துக்குப் பிறகு புதுப்பித்த, சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹாலை முதலில் பாருங்கள். செனட் ஹவுசை அதற்கப்புறம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.