கோச்சோடு சேர்த்து எல்லோரையும் அனுப்ப வேண்டுமா?

வணக்கம் சார்,

திருச்சியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2016-ல் கல்லூரி விடுதியில் இருந்தபோது லெஸ்டர் சிட்டி கால்பந்து அணி இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டத்தை வென்றது. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. அதற்குப் பிறகு நான் பார்த்ததில் பாதி அழுகைதான். 2023-ல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினார்கள், 2024-ல் ஏறினார்கள், 2025-ல் மறுபடியும் இறங்கினார்கள். ஒவ்வொரு முறையும் கோச்சை மாற்றினார்கள்.

எங்கள் நண்பர்கள் குழுவில் இதைப் பற்றிப் பெரிய சண்டை. கோச்சை மட்டும் தூக்கினால் பத்தாது, உதவிப் பயிற்சியாளர், கோல்கீப்பர் கோச், ஃபிட்னஸ் ஆட்கள் என்று எல்லோரையும் கூண்டோடு அனுப்ப வேண்டும், தோற்றுத் தோற்றுப் பழகியவர்களை வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது என்கிறான் ஒருவன். எனக்கோ அப்போதைய கோச் ரனியேரியை அனுப்பியதே இன்னும் ஆறவில்லை. பட்டம் வாங்கிக் கொடுத்த மனிதரை ஒன்பதே மாதத்தில் வெளியே அனுப்பினார்கள். தடுமாறுகிற அணி தன் பயிற்சிக் குழுவை வைத்துக்கொள்ள வேண்டுமா, மாற்ற வேண்டுமா? இதில் நன்றிக்கு இடமே இல்லையா?

ஆர்.கே., திருச்சி

அன்புள்ள ஆர்.கே.,

உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. தடுமாறுகிற ஓர் அணி தனக்குத்தானே செய்துகொள்ளக்கூடிய பெரிய கெடுதல், கூண்டோடு அனுப்புவதுதான். ஆனால் உங்கள் பக்கமும் முழுதாக நிற்க முடியவில்லை. உங்களுக்குக் கசக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன், 2017 பிப்ரவரியில் ரனியேரியை அனுப்பியது சரியான முடிவு. தலைமைப் பயிற்சியாளர் போகலாமா என்பது ஒரு கேள்வி, அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் போகலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதால்தான் சண்டை தீரமாட்டேன் என்கிறது.

இதைப் புரிந்துகொள்ள லெஸ்டரை விட நல்ல பாடம் கிடையாது. நீங்கள் ரசிகரானதற்கு முந்தைய வருடத்திலிருந்து பார்க்க வேண்டும்.

2014-15 சீசனில் நைஜல் பியர்சன் தலைமைப் பயிற்சியாளர். கிறிஸ்துமஸ் சமயத்தில் அணி கடைசி இடத்தில் இருந்தது. 29 ஆட்டங்கள் முடிந்தபோது வெறும் 19 புள்ளிகள். இடையில் பிப்ரவரியில் ஒரு நாள் இரவு அவரை நீக்கிவிட்டதாகச் செய்தியே வந்து, கிளப் அதை மறுத்தது. மற்ற எந்த கிளப்பாக இருந்தாலும் அப்போதே ஆள் மாறியிருக்கும். லெஸ்டர் மாற்றவில்லை. கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று, 41 புள்ளிகளோடு 14-வது இடத்தில் முடித்தார்கள். அந்தக் குழுவில் பியர்சனுக்கு அடுத்து இரண்டு பேர் முக்கியம். ஒருவர் கிரெய்க் ஷேக்ஸ்பியர், பயிற்சி மைதானத்தில் தினமும் வீரர்களோடு நிற்பவர். இன்னொருவர் ஸ்டீவ் வால்ஷ், ஆள் பார்த்து எடுப்பவர். ஜேமி வார்டி, ரியாத் மஹ்ரெஸ், பிறகு வந்த எங்கோலோ கான்டே எல்லோரும் அவர் கண்ணில் பட்டு வந்தவர்கள்தான்.

அந்தக் கோடையில் பியர்சன் நீக்கப்பட்டார். ரனியேரி வந்தார். முந்தைய நவம்பரில்தான் ஃபாரோ தீவுகளிடம் சொந்த மண்ணில் தோற்றதற்காக கிரீஸ் தேசிய அணி அவரை அனுப்பியிருந்தது. இங்கிலாந்துப் பத்திரிகைகள் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. அவர் செய்த முதல் நல்ல காரியத்தை யாரும் தலைப்புச் செய்தி ஆக்கவில்லை: ஷேக்ஸ்பியரையும் வால்ஷையும் அப்படியே வைத்துக்கொண்டார். தன்னோடு பாலோ பெனெட்டி போன்ற ஓரிரண்டு இத்தாலியர்களை அழைத்து வந்தார், அவ்வளவுதான். அணி முந்தைய சீசன் முடிவில் எந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததோ அதே வேகம் தொடர்ந்தது. டிஃபென்ஸில் மட்டும் ஓட்டை. முதல் ஒன்பது லீக் ஆட்டங்களிலும் கோல் வாங்கினார்கள். கோல் வாங்காமல் ஓர் ஆட்டம் முடித்தால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்றார் ரனியேரி. பத்தாவது ஆட்டத்தில் கிரிஸ்டல் பேலஸை 1-0 என்று வென்றார்கள். அணியையே பீட்சா கடைக்கு அழைத்துப் போய், மாவைப் பிசைந்து அவரவர் பீட்சாவை அவரவரே செய்ய வைத்தார். அந்தப் புகைப்படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மே மாதம் 81 புள்ளிகளோடு, இரண்டாம் இடத்தை விடப் பத்துப் புள்ளிகள் அதிகம் பெற்றுச் சாம்பியன்.

அப்புறம் என்ன நடந்தது? 2016 ஜூலையில் கான்டே செல்சிக்குப் போனார். அது எல்லோருக்கும் தெரியும். அதே மாதம் வால்ஷும் எவர்டனுக்குப் போனார். அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. கான்டே போனது ஒரு வீரரின் இழப்பு. வால்ஷ் போனது கான்டேக்களைக் கண்டுபிடிக்கும் கண்ணையே இழந்தது. ரனியேரி பழைய பழக்கத்துக்குத் திரும்பி ஆட்டத்துக்கு ஆட்டம் அமைப்பை மாற்ற ஆரம்பித்தார். 2017 தொடங்கி அவர் போகும் வரை லீக்கில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 25 ஆட்டங்களில் 21 புள்ளிகள், 17-வது இடம், கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் இடத்தை விட ஒரே ஒரு புள்ளி மேலே. ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் ஸ்பெயினின் செவில்லாவிடம் தோற்ற மறுநாள், பிப்ரவரி 23-ம் தேதி, அவரை நீக்கினார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டிய நாள் அதற்கு நான்கு நாள் கழித்து வருகிறது. பிப்ரவரி 27, லிவர்பூலுடன் ஆட்டம். பொறுப்பு ஷேக்ஸ்பியரிடம். அவர் இறக்கிய பதினொரு பேரில் பத்துப் பேர் பட்டம் வென்ற அணியின் ஆட்கள், கான்டேயின் இடத்தில் மட்டும் இன்டிடி. ஷ்மைகல், சிம்ப்சன், மோர்கன், ஹூத், ஃபுக்ஸ் என்று அதே பழைய வரிசை. பின்னால் நாலு, நடுவில் நாலு, முன்னால் இரண்டு பேர் என்ற அதே நாலு-நாலு-இரண்டு அமைப்பு. பந்தைப் பறித்ததும் ஒன்றிரண்டு பாஸில் வார்டி ஓடும் இடத்துக்கு அனுப்புவது என்ற அதே பழைய ஆட்டம். 3-1 என்று வென்றார்கள், வார்டிக்கு இரண்டு கோல். ஷேக்ஸ்பியர் தன் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார், செவில்லாவைத் திருப்பி அடித்துச் சாம்பியன்ஸ் லீக் காலிறுதிக்கும் கொண்டுபோனார். லீக்கில் 12-வது இடத்தில் முடிந்தது.

நான்கு நாளில் யாரும் புதிதாக எதையும் சொல்லிக் கொடுத்துவிட முடியாது. அந்த அணிக்கு எது வரும், எது வராது என்பது ஷேக்ஸ்பியருக்கு ஏற்கெனவே தெரியும். வார்டியை எதிரணி கோலுக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தால் பயனில்லை, டிஃபென்ஸில் நிற்கும் மோர்கனையும் ஹூத்தையும் நடுக்கோடு வரை மேலேற்றினால் அவர்களுக்குப் பின்னால் எதிரணி ஆள் ஓடிவிடுவான். பியர்சன் காலத்திலிருந்து பயிற்சி மைதானத்தில் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அறிவு அது. உங்கள் நண்பர் சொன்னபடி ரனியேரியோடு எல்லோரையும் அனுப்பியிருந்தால் அந்த அறிவும் அன்றே வாசலைத் தாண்டியிருக்கும்.

சரி, அப்படியானால் உதவியாளரையே தலைவராக்கிவிடலாமே என்று கேட்கலாம். லெஸ்டர் அதையும் செய்து பார்த்தது. ஜூனில் ஷேக்ஸ்பியருக்கு மூன்று வருட ஒப்பந்தம் தந்தார்கள். அக்டோபரில், எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றி என்ற நிலையில் அவரையும் நீக்கினார்கள். இதில் அவருடைய தகுதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தலைமைப் பதவியில் நிர்வாகத்திடம் வாதாட வேண்டும், பத்திரிகைகளைச் சமாளிக்க வேண்டும், நேற்றுவரை தோளில் கைபோட்டுப் பேசிய வீரரை இன்று உட்கார வைக்க வேண்டும். மைதானத்து வேலையில் அவருக்கு இணையானவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்த இடத்திலேயே அவரைப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டிய மனிதர். 2024 ஆகஸ்டில், 60 வயதில் காலமாகிவிட்டார்.

கோச்சை மாற்றினால் ஜெயிக்க ஆரம்பிப்பார்கள் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாஸ் டெர் வீல் என்ற டச்சுப் பொருளாதார ஆய்வாளர், 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்து லீக்கை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். தொடர் தோல்வியில் கோச்சை நீக்கிய அணிகளையும், அதே அளவு தோற்றும் நீக்காத அணிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு வகையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டிருந்தன. அணிகள் பொதுவாக மிக மோசமான கட்டத்தில்தான் கோச்சை அனுப்புகின்றன. அதற்குக் கீழே போவதற்கு அதிகம் இல்லாததால் எப்படியும் கொஞ்சம் ஏறும். புதிதாக வந்தவர் பெயரில் அது வரவு வைக்கப்படுகிறது. கணக்குப் பிரிவில் இருப்பவர், உங்களுக்கு இது எளிதில் புரியும்.

அப்படியானால் ரனியேரி போனதை எப்படிச் சரி என்கிறேன்? தோல்விகளை வைத்து அதைச் சொல்லவில்லை. அணிக்கு நன்றாக வந்த ஒரே ஆட்டத்தை அவரே கைவிட்டிருந்தார், அதை மீட்டெடுக்கத் தெரிந்த ஆள் பக்கத்திலேயே இருந்தார். இந்த இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். 2023-ல் அப்படி இல்லை. பிரெண்டன் ராஜர்ஸை ஏப்ரல் 2-ம் தேதி, பத்து ஆட்டங்கள் மட்டும் மீதியிருந்தபோது நீக்கினார்கள். ஆனால் அந்த அணியின் நோய் முந்தைய கோடையிலேயே பிடித்தது. ஷ்மைகல் போய்விட்டார், அவர் இடத்துக்குச் சமமான கோல்கீப்பரை வாங்கவில்லை, மற்ற இடங்களுக்கும் ஆள் எடுக்கப் பணம் இல்லை. இதை எந்தக் கோச்சும் ஏப்ரலில் சரிசெய்ய முடியாது. 2025-ல் இறங்கியபோதும் அப்படித்தான். நவம்பரில் ஸ்டீவ் கூப்பரை அனுப்பும்போது அணி 16-வது இடத்தில் இருந்தது. ரூட் வான் நிஸ்டல்ரூய் வந்த பிறகு சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஒன்பது லீக் ஆட்டங்களில் ஒரு கோல் இல்லை. 25 புள்ளிகளோடு இறங்கினார்கள். கூப்பரை வைத்திருந்தால் தப்பித்திருப்பார்களா என்று சொல்ல முடியாது, ஆனால் அவரை அனுப்பியதால் எதுவும் கிடைக்கவில்லை.

நல்ல நிலையில் இருக்கும் அணியே பயிற்சிக் குழுவைக் கலைத்துத் தடுமாறியதும் உண்டு. 2013-ல் கோச் ஃபெர்குசன் ஓய்வு பெற்று டேவிட் மோயஸ் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தபோது ஃபெர்குசனின் உதவியாளர்கள் மைக் ஃபீலன், ரெனே மியூலன்ஸ்டீன், கோல்கீப்பர் கோச் எரிக் ஸ்டீல் மூவரும் வெளியேறினார்கள். எவர்டனில் தன்னோடு இருந்தவர்களை மோயஸ் கொண்டு வந்தார். சாம்பியன் அணி ஏழாவது இடத்தில் முடித்தது, மோயஸ் ஏப்ரலைத் தாண்டவில்லை. வயதான அணி, வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் அந்த வீரர்களைத் தினமும் பார்த்து வந்தவர்களை ஒரே கோடையில் இழந்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் இருக்கிறது. சென்னையின் எஃப்சி 2018-ல் ஜான் கிரிகரியின் தலைமையில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்றது. அடுத்த சீசனில் பத்து அணிகளில் கடைசி இடம். அவரை வைத்துக்கொண்டார்கள். 2019-20 சீசனும் மோசமாகத் தொடங்க, அவர் விலகினார். ஓவன் கோயில் வந்து, அதே வீரர்களை வைத்து இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். இங்கே தலைமை மாறியது உதவியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருவர் காலத்திலும் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் சென்னைக்காரரான சையத் சபீர் பாஷா. இந்தியன் வங்கி அணிக்கும் இந்தியாவுக்கும் ஆடியவர். ஸ்காட்லாந்திலிருந்து சீசன் நடுவில் வந்து இறங்குகிற ஒருவருக்கு இந்திய வீரர்களை யார் அறிமுகம் செய்து வைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வருடம் கழித்து இன்னொரு கோச் நீக்கப்பட்டபோது இடைக்காலப் பொறுப்பையும் பாஷாதான் ஏற்றார்.

உதவிக் குழுவில் ஒருவரைக்கூட மாற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆர்சனல் 2020 டிசம்பரில் 15-வது இடத்தில் கிடந்தபோது கோச் அர்டெட்டாவைத் தொடர வைத்தது. ஆறு மாதம் கழித்து கார்னர், ஃப்ரீ கிக் வேலைக்கென்று நிக்கோலஸ் ஜோவரை எடுத்தது. 2023-24 சீசனில் கார்னரிலிருந்து மட்டும் 16 கோல் அடித்தார்கள். எந்த வேலை நடக்கவில்லை என்று பார்த்து அந்த இடத்துக்கு மட்டும் ஆளைக் கொண்டுவருவது இப்படி.

நன்றியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு இடம் நிச்சயமாக உண்டு. ஒப்பந்தப் பணத்தை இழுத்தடிக்காமல் கொடுப்பதிலும், அனுப்பும்போது மரியாதையாக நேரில் சொல்வதிலும், கிளப் இருக்கும்வரை அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பதிலும் அதைக் காட்டலாம். லெஸ்டர் அதில் ரனியேரிக்குக் குறை வைத்தது என்பதுதான் என் வருத்தம். செவில்லாவிலிருந்து திரும்பி வந்த அன்றே செய்திருக்க வேண்டாம். உங்கள் கோபத்தின் அந்தப் பகுதியில் நானும் உங்களோடு இருக்கிறேன்.

அடுத்த முறை லெஸ்டர் கோச்சை மாற்றும்போது, கிளப் வெளியிடும் அறிக்கையில் அவர் பெயருக்குக் கீழே உள்ள வரியைப் படியுங்கள். அவரோடு யார் போகிறார்கள், அடுத்த பயிற்சியை யார் நடத்தப்போகிறார்கள் என்பது அங்கேதான் இருக்கும். அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு நண்பரோடு மறுபடி பேசுங்கள். என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்று எழுதினால் மகிழ்வேன்.

அன்புடன்