சுரண்டாமல் விட்ட சதை

கேள்வி: அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருக்கும் பழைய விலங்குகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. கண்ணுக்குக் கண்ணாடிக் குண்டு, வயிற்றுக்குள் வைக்கோல். இனமே அழிந்துபோன பிறகு அந்தத் தோலில் ஆராய என்ன மிச்சம் இருக்கிறது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறைய இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குவாகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்குதிரை வகைதான், ஆனால் தலையிலும் கழுத்திலும் மட்டும் பளிச்சென்று வரி, பின்னால் போகப் போக மங்கி வெறும் பழுப்பு. இறைச்சிக்காகவும் தோலுக்காகவும், ஆடுமாடுகளின் புல்லைத் தின்கிறது என்றும் சுட்டுச் சுட்டே தீர்த்துவிட்டார்கள். கடைசியாக ஒன்று ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சி சாலையில் 1883 ஆகஸ்ட் 12 அன்று செத்தது. உலகம் முழுக்க மிஞ்சிய தோல்கள் இருபது சொச்சம்தான்.

கேப் டவுன் அருங்காட்சியகத்தில் பாடம் செய்யும் வேலையில் இருந்தவர் ரைன்ஹோல்ட் ராவ். அங்கிருந்த குவாகா குட்டியை யாரோ மோசமாகப் பாடம் செய்திருந்ததால் அதைப் பிரித்துச் சரிசெய்ய உட்கார்ந்தார். தோலின் உட்புறத்தில் காய்ந்த சதைத் துணுக்குகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. நல்ல கைகாரர் என்றால் சுத்தமாகச் சுரண்டி எறிந்திருப்பார்! ராவ் அவற்றைப் பத்திரப்படுத்தினார். அப்புறம் ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்துக் குவாகாக்களைச் சரிசெய்தபோது கிடைத்த சதை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனது. அங்கே உயிர்வேதியியலாளர் ஆலன் வில்சனின் குழு 1984இல் அதிலிருந்து 229 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ.வைப் படித்தது. அழிந்துபோன ஒரு விலங்கின் டி.என்.ஏ.வை மனிதன் படித்தது அதுதான் முதல் முறை. குவாகா குதிரையா, வரிக்குதிரையா என்று அதுவரை இருந்த சண்டை அதிலும் அடுத்து வந்த ஆய்வுகளிலும் அடங்கி, சமவெளி வரிக்குதிரையின் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது.

2023இல் இன்னொரு படி மேலே போனார்கள். ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் சுமார் 130 வருடமாகக் கிடந்த டாஸ்மேனியப் புலியின் (பெயர்தான் புலி, இதுவும் அழிந்துபோன ஒரு பை விலங்கு) தோலிலும் தசையிலுமிருந்து ஆர்.என்.ஏ. (மரபணு வேலை செய்யும்போது அதிலிருந்து எடுக்கப்படும் நகல்) எடுத்து, அது உயிரோடு இருந்தபோது எந்த மரபணுக்கள் வேலை செய்துகொண்டிருந்தன என்றே பார்த்தார்கள்.

கேள்வி: அப்படியானால் குவாகாவைத் திரும்பக் கொண்டுவரலாமே?

பதில்: ராவ் முயன்றார். வரி குறைவாக இருந்த சமவெளி வரிக்குதிரைகளைப் பொறுக்கியெடுத்து 1987இல் இனப்பெருக்கம் ஆரம்பித்தார், பின்புறத்தில் வரியே இல்லாத குட்டிகள் இப்போது பிறக்கின்றன. பார்க்க குவாகா மாதிரியே இருக்கும். சாயல் வந்துவிட்டது, சரி, ஆனால் அழிந்த குவாகாவின் மரபணுக்கள் அத்தனையும் அதில் இருக்காது. அதனால் நான் அதைக் குவாகா என்று சொல்ல மாட்டேன். அசலோடு ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் இருப்பது அந்தப் பழைய தோல்கள்தான்.

குழந்தையோடு அருங்காட்சியகம் போனால் எதையும் தொட விடாதீர்கள். அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த சோப்பைத்தான் தோலில் பூசுவார்கள். அந்த விஷம் இன்னும் அதிலேயே இருக்கும்.