ஜாக்கெட் தைக்கிற மேசையில் எந்த போன்?

கேள்வி: வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். டிசைன் பார்க்க போனை எடுத்தால் முக்கால் மணி நேரம் ஓடிவிடுகிறது. தீபாவளிக்கு மூன்று ஜாக்கெட்டைச் சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியவில்லை. பட்டன் போனுக்கு மாறிவிடலாமா? ஆனால் டிசைன் வாட்ஸ்அப்பில் வருகிறது, காசு ஜிபேயில் வருகிறது.
– வாசகி, சின்னாளப்பட்டி

பதில்: மாறலாம் சகோதரி. ஆனால் ஸ்மார்ட்போனைப் பரணில் போட்டுவிட்டு மாறாதீர்கள். அப்படி மாறியவர்கள் பத்தே நாளில் பழைய போனுக்கு சார்ஜர் கேட்டு என் கடைக்கு வந்துவிடுகிறார்கள். பிள்ளையின் பள்ளி குரூப்பும் வேண்டும், கியூஆரும் வேண்டும், என்ன செய்வார்கள்?

நோக்கியா 1100 வந்த 2003-ல்தான் கும்பகோணத்தில் சர்வீஸ் கடை வைத்தேன். அப்போது ரிப்பேருக்கு வரும் போன்களில் கீபேட் எழுத்து அழிந்திருக்கும். இப்போது வரும் போனை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தால், வலது ஓரத்தில் கீழிருந்து மேலாக ஒரு மங்கல் தடம் தெரியும். கட்டைவிரல் தள்ளித் தள்ளி, கண்ணாடியின் பூச்சு அம்மிக்கல் மாதிரி அங்கே மட்டும் தேய்ந்திருக்கும். ஒருவர் இரண்டு பேர் போனில் இல்லை, பாதிக்கு மேல் இப்படித்தான்.

ஆகவே உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். போனில் பார்க்கும் பக்கத்துக்கு ஒரு முடிவு இருந்தால் கை அங்கே நின்றுவிடும். தள்ளத் தள்ள முடிவே வராமல் ஓடிக்கொண்டே இருக்கும் பக்கத்தை 2006-ல் அமெரிக்காவின் ஆசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கினார். பிற்பாடு அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். கழுத்து டிசைன் பார்க்கப் போன கண் சமையல் வீடியோவில் போய் மாட்டுவது அந்த வழியாகத்தான்.

எனக்கும் பட்டபிறகுதான் புத்தி வந்தது. இரண்டு வருடம் முன்பு ஓர் அம்மாவின் போனுக்கு டிஸ்ப்ளே மாற்றி மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. சின்ன ஸ்க்ரூ போட வேண்டிய துளையில் நீள ஸ்க்ரூவை முறுக்கிவிட்டேன். அரை மில்லிமீட்டர் வித்தியாசம்தான், உள்ளே போர்டில் இறங்கி கரண்ட் ஓடும் லைனை அறுத்துவிட்டது. போன் போனது போகட்டும், அதில் அந்த அம்மாவின் இறந்துபோன கணவர் படங்கள் இருந்தன. வேறு எங்கும் சேமித்து வைக்கவில்லை. புது போன் வாங்கிக் கொடுத்தேன். படங்களை எங்கிருந்து வாங்கிக் கொடுப்பது?

மறுநாளே ஒரு பட்டன் போன் எடுத்து அதில் புது சிம் போட்டேன். நீங்களும் இதையே செய்யுங்கள். வங்கியில் கொடுத்த எண், வாட்ஸ்அப் எண் இரண்டும் ஸ்மார்ட்போனிலேயே இருக்கட்டும், அந்த சிம்மைக் கழற்ற வேண்டாம். புது எண்ணை வீட்டாருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் கொடுத்து, "அவசரம்னா இதுல கூப்பிடுங்க" என்று சொல்லிவிடுங்கள். மெசேஜ் அனுப்பச் சொல்லாதீர்கள். தமிழில் எழுதினால் ஓர் எஸ்எம்எஸ் 70 எழுத்துக் குறிகளோடு முடிந்துவிடும், பட்டனில் தட்டிப் பதில் போடுவதும் பெரும்பாடு.

ஸ்மார்ட்போனை மெஷின் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். டிவி பக்கத்தில் சார்ஜரோடு ஒரு இடம் கொடுத்துவிடுங்கள், நின்றுகொண்டுதான் பார்க்க முடிகிற உயரத்தில். நான் கல்லாவுக்கு மேலே ஷெல்ஃபில் வைத்திருக்கிறேன். காலை 11 மணிக்கு, மாலை 4 மணிக்கு, அப்புறம் கடை சாத்தும்போது எழுந்து போய்ப் பார்ப்பேன். கால் வலித்தால் தானாகத் திரும்பி வந்துவிடுவோம்.

டிசைன் வந்ததும் ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரிண்ட் எடுத்து, அளவை அதிலேயே எழுதி, துணியோடு சேர்த்து குண்டூசி குத்தி வையுங்கள். வெட்டும்போது போன் தேவைப்படாது. கியூஆர் அட்டையை வாசலில் மாட்டுங்கள், காசு வந்ததா என்று எழுந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம். முதல் வாரம் கை மேசையில் போனைத் தேடும். எனக்கு அந்தத் தேடல் அடங்க மூன்று வாரம் ஆனது.

கேள்வி: குரூப் 4 தேர்வு முடியும்வரை பட்டன் போன் மட்டும் வைத்துக்கொள்ள நினைக்கிறேன். ஜியோ சிம் வேலை செய்யுமா? பணம் அனுப்ப முடியுமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: ஜியோவில் 2ஜி கிடையாது தம்பி. பெட்டியில் 4ஜி என்று போட்டிருக்கும் பட்டன் போனாகப் பார்த்து வாங்குங்கள், சாதா 2ஜி போனில் டவரே எடுக்காது. ஜியோபாரத் என்று வருவதில் ஜியோ சிம் மட்டும்தான் ஓடும், பிறகு வேறு கம்பெனிக்கு மாறினால் போன் வீண். பணத்துக்கு, வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து கூப்பிட்டு அனுப்பும் யுபிஐ 123பே இருக்கிறது. 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது, ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை போகும். பதிவு செய்யும்போது டெபிட் கார்டு கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. ஸ்மார்ட்போனில் இருந்த நானோ சிம், சில பட்டன் போன்களில் இருக்கும் பெரிய பள்ளத்தில் சரியாக உட்காராது. அதற்கென்று வரும் பிளாஸ்டிக் சட்டமான சிம் அடாப்டரில் சிம்மைப் பொருத்திய பிறகே உள்ளே தள்ளுங்கள். வெறும் அடாப்டரைச் செருகி இழுத்தால் உள்ளே இருக்கும் பின் மாட்டிக்கொண்டு பிய்ந்துவிடும். அந்த ரிப்பேருக்கு ஆகும் காசில் இன்னொரு பட்டன் போனே வாங்கிவிடலாம்.