டெல்லியிலிருந்து பனிச்சறுக்குக்கு: வருடம் முழுக்கப் போய்வர எங்கே வீடு பார்ப்பது?

கேள்வி: டெல்லியில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 7, 11 வயது. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு கற்கவும் மற்ற மாதங்களில் போய்த் தங்கவும் ஒரே இடமாக ஏற்பாடு செய்ய முடியுமா?

முடியும். நாங்களும் டெல்லிதான், மயூர் விஹார்காரர்கள். சில வருடங்களாக மணாலிக்குக் கீழே நக்கர் பக்கம் ஒரு வீட்டின் மாடியை வருட வாடகைக்கு எடுத்து, இன்னொரு தமிழ்க் குடும்பத்தோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சறுக்கு மலையை மனத்தில் வைத்துக்கொண்டு வீடு தேடாதீர்கள். மணாலிக்கு மேலே பனிச்சறுக்கு நடக்கும் சோலங்கில் நம்பிப் போகக்கூடிய பனி ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிவரைதான். அதுவும் சில வருடம் ஏமாற்றும். மீதிப் பத்து மாதம் அந்த வீட்டில் என்ன செய்வீர்கள் என்று யோசித்து இடத்தை முடிவு செய்யுங்கள்.

பனியை மட்டும் பார்த்தால் குல்மார்க்குக்கு ஈடு நம் நாட்டில் இல்லை. ஆனால் காஷ்மீர் தூரம். ஸ்ரீநகருக்கு விமானம் ஏறிப் போவதுதான் வசதி, நினைத்தபோது கிளம்ப முடியாது. உத்தராகண்டில் இருக்கும் ஆலியின் சரிவுகள் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அருமை. 7,816 மீட்டர் உயர நந்தா தேவியைப் பார்த்துக்கொண்டே சறுக்கலாம். ஆனால் அடிவாரத்து ஜோஷிமட்டில் 2023 ஜனவரியில் மண் இறங்கி வீடுகள் விரிசல் விட்டன. அங்கே வருட வாடகைக்கு வீடு எடுக்க எனக்கு மனம் வராது.

மணாலி டெல்லியிலிருந்து சுமார் 540 கிலோமீட்டர். சாயங்காலம் வோல்வோ பஸ் ஏறினால் காலைக் காபிக்குக் குல்லு. நக்கர் சோலங்கைவிட எழுநூறு மீட்டராவது தாழ்வு, அதனால் பனியில் வழி அடைபடுவது குறைவு. சோலங் போகும் நாளில் மட்டும் மணாலியில் காரை விட்டுவிட்டு நாலு சக்கரமும் இழுக்கும் உள்ளூர் ஃபோர் பை ஃபோர் டாக்சி பிடிப்போம். பனி கொட்டினால் மற்ற வண்டிகளைப் போலீஸ் மேலே விடுவதில்லை.

வீடு ஆற்றங்கரையில் வேண்டவே வேண்டாம். எங்கள் முதல் வீடு பியாஸ் ஆற்றை ஒட்டி இருந்தது. பால்கனியிலிருந்து ஆறு தெரியும் என்று ஆசைப்பட்டு எடுத்தோம். 2023 ஜூலை வெள்ளத்தில் நெடுஞ்சாலையே துண்டு துண்டாகப் போனது. பிள்ளைகள் பந்து விளையாடிய முற்றம் இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் ஓடுவதை டெல்லியில் உட்கார்ந்து போனில் பார்த்தோம். நாங்கள் அப்போது அங்கே இல்லை என்பதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. மேட்டுக்கு மாறினோம். ஜூலை, ஆகஸ்ட்டில் இப்போது போவதே இல்லை.

வாங்குவதைப் பற்றி: 1972ஆம் வருட நிலச் சட்டத்தின் 118ஆம் பிரிவுப்படி, ஹிமாச்சல் விவசாயி அல்லாதவர் அரசு அனுமதியில்லாமல் அங்கே நிலம் வாங்க முடியாது. சுலபமாக முடித்துத் தருகிறேன் என்று வரும் தரகரை நம்ப வேண்டாம்.

சறுக்கு விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் பூட்ஸில் இருக்கிறது. சோலங் வழியில் வரிசையாக இருக்கும் வாடகைக் கடைகளில் கிடைப்பது பனியில் நடக்கிற ரப்பர் பூட்ஸ். சறுக்குப் பலகையில் மாட்டும் பூட்ஸை மேலே சரிவுக்குப் பக்கத்தில் எடுங்கள். பிள்ளைக்கு ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ் போதும். குளிருமே என்று இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கணுக்காலை அறுக்கும், கொஞ்ச நேரத்தில் அழுகை வந்துவிடும். கிளிப்பை மாட்டியதும் முழங்காலை முன்னால் மடிக்கச் சொல்லுங்கள். குதிகால் உள்ளே தூக்கினால் அளவு பெரிது.

முதல் நாள் ஒரே பாடம்தான்: பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, ஓட்டுக் கூரைபோல் வைத்து நிற்கப் பழகுவது. விழுந்தால் பக்கவாட்டில் விழ வேண்டும். காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் ஒரே கூட்டம். ஏழு வயதுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் தாராளம்.

சொல்லிக்கொடுப்பவர்கள் பக்கத்துப் புருவா, சோலங் கிராமத்துப் பிள்ளைகள். 2018இல் துருக்கியில் வெண்கலம் வாங்கி, பனிச்சறுக்கில் இந்தியாவுக்கு முதல் சர்வதேசப் பதக்கம் கொண்டுவந்த ஆஞ்சல் தாக்கூர் புருவாக்காரர்தான். அதைக் கேட்ட அன்று என் மகள் விழுந்த இடத்திலிருந்து என் கையைப் பிடிக்காமல் எழுந்தாள். உங்களுக்கும் கற்க ஆசையிருந்தால், மணாலியில் அரசு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு வகுப்பு நடத்துகிறது.

இனி அந்தப் பத்து மாதம். ஏப்ரலில் ஆப்பிள் பூ. டெல்லி 45 டிகிரியில் வேகும் மே, ஜூனில் அங்கே சாயங்காலம் ஸ்வெட்டர் தேடுவோம். அடல் சுரங்கம், 9.02 கிலோமீட்டர், 2020 அக்டோபரில் திறந்ததிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் லாஹௌலுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பலாம். நம் ஊரில் விஜயதசமியோடு நவராத்திரிக் கொலுவை எடுத்து வைக்கத் தயாராவோம். குல்லுவில் தசரா அன்றுதான் தொடங்குகிறது, ஏழு நாள். கிராமத்துத் தெய்வங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வருவார்கள். என் மாமியார் வருடா வருடம் அதற்காகவே வருகிறார். நவம்பரில் டெல்லிப் புகையில் சின்னவனுக்கு மூச்சு இழுக்கும். நக்கரில் இரண்டாம் நாளே இருமல் அடங்கும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சமையலுக்கு ஒரு வார்த்தை. குளிரில் இட்லி மாவு பொங்காது. வீட்டுக்கார அம்மா தன் பழைய பட்டுவைக் கொடுத்தார். அங்கே பட்டு என்றால் பெண்கள் உடுத்தும் கம்பளித் துணி. அதைப் பாத்திரத்தில் சுற்றி, தந்தூர் என்று அவர்கள் சொல்லும் விறகு அடுப்புக்கு இரண்டடி தள்ளி ராத்திரி வைத்தால் காலையில் மாவு மூடியைத் தொட்டிருக்கும்.

வீட்டை வெயில் காலத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிசம்பரில் ஒரு வார இறுதி போய், வெயில் எத்தனை மணிக்கு முற்றத்தை விட்டுப் போகிறது, தண்ணீர்க் குழாய் குளிரில் உறையும்படி சுவருக்கு வெளியே ஓடுகிறதா, இரண்டையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.