இளைஞர் மன்றமும் கணக்கு நோட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பேராவூரணி பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பி.இ. முடித்து ஒரு வருடம் ஆகிறது. நேர்முகத் தேர்வுக்குப் போனால் வாய் அடைத்துக்கொள்கிறது. தஞ்சாவூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் வாழ்க்கைத் திறன் வகுப்பு எடுக்கிறார்கள், கட்டணம் 18,000 ரூபாய். ஊர் இளைஞர் மன்றத்தில் சேர்ந்தாலே அதெல்லாம் தானாக வரும் என்கிறான் நண்பன். அது வெட்டிக் கும்பல் என்கிறார் அப்பா. உண்மையிலேயே மன்றத்தில் ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா? சான்றிதழ் தருவார்களா?

ம.

அன்புள்ள ம.,

சான்றிதழை விடுங்கள். அப்பா சொல்வதையும் இப்போதைக்கு விடுங்கள். அவர் பார்த்த மன்றம் கேரம் போர்டும் அரட்டையுமாக இருந்திருக்கும். அப்படிப்பட்டவையும் உண்டு.

போன வாரம் எங்கள் ஊரிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். பொங்கல் விளையாட்டு விழாவுக்கு நன்கொடை வேண்டுமாம். போன வருடக் கணக்கை வாசித்தீர்களா என்று கேட்டேன். "வாட்ஸப்ல போட்டுட்டோமே" என்றான். அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

உலக சுகாதார நிறுவனம் தொண்ணூறுகளில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைப் பட்டியல் போட்டது. முடிவெடுப்பது, சிக்கலைத் தீர்ப்பது, தெளிவாகப் பேசுவது, பிறர் நிலையில் நின்று உணர்வது, கோபதாபங்களையும் மன அழுத்தத்தையும் சமாளிப்பது என்று போகும். உங்கள் பயிற்சி நிலையமும் இதைத்தான் திரையில் போட்டுக் காட்டும். நல்ல பட்டியல்தான். ஆனால் அந்தப் பத்தும் ஒரு ஆளிடம் ஒரே நேரத்தில் வேலை செய்வதை நான் பார்த்தது, மன்றம் வரவு செலவு வாசித்த ஒரு ராத்திரியில்.

எண்பதுகளின் கடைசி. கோயில் வாசலில் ஒரு டியூப் லைட், அதன் கீழே மடக்கு மேசை. பொருளாளர் எங்களைவிட இரண்டு மூன்று வயது பெரியவன், சாதுவான பையன். மைக் செட் இவ்வளவு, பந்தல் இவ்வளவு, பரிசுக் குடங்கள் இவ்வளவு என்று செலவை வாசித்துவிட்டு வரவுக்கு வந்தான். பெரிய தொகை கொடுத்தவர்களை எல்லாம் பெயர் சொல்லி வாசித்தான். பத்து ரூபாய்க்குக் கீழே கொடுத்தவர்களை மொத்தமாகச் சேர்த்து 'சில்லறை நன்கொடை' என்று ஒரே வரியில் முடித்தான். பின்வரிசையிலிருந்து இட்லிக்கடை ஆயா எழுந்தது. "நான் குடுத்த அஞ்சு ரூவா எங்க தம்பி?"

கூட்டம் சிரித்தது. தலைவர் குனிந்து, மேலே போடா என்றார். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆயாவைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்திருக்கலாம். அவன் நோட்டை மூடினான். பையிலிருந்து ரசீதுப் புத்தகங்களை எடுத்தான். ரப்பர் பேண்டை உருவிவிட்டு, அடிக்கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டி, இரண்டு ரூபாய் கொடுத்தவர் பெயரிலிருந்து வாசிக்க ஆரம்பித்தான். முதல் பத்துப் பெயருக்குக் குரல் நடுங்கியது. அப்புறம் நடுங்கவில்லை. ஒருத்தரும் எழுந்து போகவில்லை, தம்பி. தன் பெயர் வரும் என்று ஊரே காத்துக்கொண்டிருந்தது. மறுவருடம் வசூலுக்குப் போனபோது, "அந்தப் பையன அனுப்புங்க, குடுக்கறோம்" என்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள்.

வாட்ஸப்பில் போட்டால் இது நடக்குமா? அங்கே ஆயாவுக்கு இடமே இல்லை. கேள்வி கேட்டவனைக் குழுவிலிருந்து தூக்கிவிடலாம். கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975-இல் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். வருடாவருடம் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை முன்வைக்க வேண்டும், மாவட்டப் பதிவாளருக்கும் அனுப்ப வேண்டும். நடைமுறையில் ஒரு ஆடிட்டரிடம் காகிதத்தை நீட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மத்திய அரசின் இளைஞர் அமைப்பான நேரு யுவ கேந்திரா 1972-இல் தொடங்கியதிலிருந்து எத்தனையோ கிராமங்களில் மன்றங்களை உருவாக்கியது. பந்தும் வலையும் கொடுத்தார்கள், பயிற்சியும் கொடுத்தார்கள். கணக்கை ஊர் முன்னால் உரக்க வாசிக்கும் தைரியத்தை எந்த அலுவலகமும் கொடுக்க முடியாது.

வாய் அடைத்துக்கொள்கிறது என்கிறீர்களே, ஏன் அடைக்காது? பதினாறு வருடம் படித்தீர்கள். நான்கு பேர் காசை உங்கள் கையில் கொடுத்து, அதற்குப் பதில் சொல் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அது உங்கள் தப்பில்லை. ஆனால் வாசல் ஓரத்தில் நின்றுகொண்டு சான்றிதழ் உண்டா என்று விசாரிக்கிறீர்களே, அது உங்கள் தப்புதான்.

அதுவும் பேராவூரணிக்காரர் கேட்கிறார்! 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் உங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். சாலையில் விழுந்த மரங்களை அறுத்து வழிவிட்டவர்கள் யார் என்று உங்கள் அப்பாவையே கேளுங்கள். நிவாரண லாரி வந்தபோது நான் போன ஊர்களில் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வீடு பட்டியல் எழுதி வைத்திருந்த பையன்கள் இருந்த ஊரில் அரிசி கடைசிக் குடிசை வரை போனது. இல்லாத ஊரில் தார்ப்பாயைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். மறுவருடம் உங்கள் பெரிய குளத்தைத் தூர்வாரியதும் உங்கள் பக்கத்து இளைஞர்கள்தானே?

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த மன்றம் ஊருக்கா, ஒரு தெருவுக்கா என்று முதலில் பாருங்கள். உறுப்பினர் பட்டியலில் ஒரே சாதிதான் என்றால், காலனிப் பையன் கபடி ஆட மட்டும் வரலாம், கையெழுத்துப் போட வரக்கூடாது என்றால், அங்கே சேராதீர்கள். அங்கே கற்றுக்கொள்வதை மறக்க ஒரு ஆயுள் போதாது. பெண்பிள்ளைகளைக் கோலப்போட்டி அன்று மட்டும் கூப்பிடுகிற மன்றமாக இருந்தால், சேருங்கள், ஆனால் முதல் கூட்டத்திலேயே அதைக் கேளுங்கள். கேட்டால் திட்டுவார்கள். பரவாயில்லை, தாங்கிக்கொள்ளலாம்.

18,000 ரூபாய் அப்பாவிடமே இருக்கட்டும். மன்றத்தில் தலைவர், செயலாளர் பதவிக்கெல்லாம் ஆள் நிறைய இருப்பார்கள். பொருளாளருக்குத் துணையாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள், சந்தோஷமாகத் தள்ளிவிடுவார்கள். இந்தப் பொங்கல் வசூலுக்கு வீடு வீடாகப் போங்கள். ஐந்து ரூபாய்க்கும் ரசீது கிழித்துக் கொடுங்கள். விழா முடிந்த வாரமே மைக்கைப் பிடித்துக் கணக்கை வாசியுங்கள், அடிக்கட்டையையும் கையில் வைத்துக்கொண்டு.

நேர்முகத் தேர்வு பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா, அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் போய் ரசீதுப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.